கார்த்திக் பாட்டில் இல்லாத என் பீட்

என் மைத்துனர் மகளின் கல்யாண வீடியோவைப் பார்த்தவர்கள் யாரும் அதைப் பற்றி என்னிடம் நேரில் பேசுவதில்லை. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார், கெட்டிமேளம் உச்சத்துக்குப் போகிறது, முடிச்சு விழுகிற அந்த நொடியில் எங்கிருந்தோ ஒரு ஆண் குரல் எதிரொலியோடு முழங்குகிறது: "மணிதா எஷே கேச்சே!" வங்காளத்தில், மணி அண்ணன் வந்தாச்சு என்று அர்த்தம். அந்த மணி நான்தான். குரலும் என்னுடையதுதான். வீடியோவுக்கு இசை சேர்த்துக் கொடுத்தது நான். யாரும் கேட்காமலேயே என் முத்திரைக் குரலைச் சேர்த்ததும் நான். அட்சதை மாதிரி அதுவும் ஒரு ஆசீர்வாதம் என்று அன்றைக்கு மனதார நம்பினேன். இப்போது அந்தப் பெண்ணின் குழந்தை டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு, "அப்பா தாலி கட்டும்போது யாரும்மா வந்தா?" என்று கேட்கிறதாம்.

சென்னையிலும் கோவையிலும் இன்னும் எங்கெங்கோ மடிக்கணினியைத் திறந்து ராப் பாட்டுகளுக்கு பீட் கட்ட ஆரம்பித்திருக்கும் உங்களுக்கு நான் ஏதாவது எழுத வேண்டும் என்று கேட்டார்கள். எந்த மென்பொருள், எந்த ஒலிவாங்கி என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அதில் உங்களுக்குச் சந்தேகம் வந்தால் இணையத்தில் மீசை முளைக்காத நிபுணர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டின் கதை. அதில் என் பெயர் இல்லை. அதனால்தான் சொல்கிறேன்.

அதற்கு முன்னால், பெயர் இருந்த காலம். நான் கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில் துறைமுக ஊழியராக இருந்த தமிழர் ஒருவரின் மகன். டாலிகஞ்சில் சினிமாப் பாட்டுகளுக்குக் கணினியில் தாளம் அமைத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தேன். கொல்கத்தாப் பையன்கள் வங்காளத்திலும் இந்தியிலும் ராப் பேசத் தொடங்கியபோது, அவர்களுக்குக் கீழே போட ஏதாவது ஒரு தாளம் வேண்டியிருந்தது. பெஹாலாவில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு அறையின் சுவரெல்லாம் ரஜாய் என்கிற பழைய பஞ்சுப் போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டு நான் கடை திறந்தேன். சில வருடங்களில், பெஹாலா சௌரஸ்தாவிலிருந்து டாலிகஞ்ச் வரைக்கும் நான் ஒரு நட்சத்திர இசைத் தயாரிப்பாளர் ஆகிவிட்டேன். அதற்கு அப்பால் யாருக்கும் தெரியாது என்பதை அப்போது நான் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் செல்வாக்கு எப்படிப்பட்டது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ராப்பர்கள் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். நான் ஒரு பீட்டை ஓடவிட்டு, "இது உனக்கு" என்பேன். வேறு கேட்கிற வழக்கம் கிடையாது. கோரஸ் எங்கே வரவேண்டும், இரண்டாவது பத்தியைத் தூக்கிவிடலாமா, மேடைப் பெயரில் 'கிங்' வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் என் முடிவு. பெஹாலா வட்டாரத்தில் மட்டும் 'கிங்'குகள் மிகவும் அதிகமாகிவிட்டதால் பலரை நான் பதவி நீக்கம் செய்திருக்கிறேன். பாட்டு தொடங்கும்போது முதலில் கேட்பது ராப்பர் குரல் இல்லை, "மணிதா எஷே கேச்சே" என்ற என் குரல். அதைக் கேட்டால்தான் பையன்கள் பாட்டை மேலே ஓடவிடுவார்கள். பாடுகிறவன் யார் என்பது அப்புறம்.

பிறகு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும், நடத்தியவர்களே நீங்கள்தான். பீட்டுகள் இணையத்தில் காய்கறி மாதிரிக் குவிந்தன. சோகமா, கோபமா, மெதுவா, வேகமா என்று தட்டினால் வந்து விழுந்தது. எங்கோ இருக்கிற ஒருவர் செய்ததை எங்கோ இருக்கிற இன்னொருவர் எடுத்துக்கொண்டார்; இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ராப்பருக்குப் பின்னால் லட்சக்கணக்கில் ஆள் சேர்ந்தார்கள். தயாரிப்பாளர் பெயர் பாட்டின் அடியில் ஏதோ ஒரு மூலைக்குப் போனது. என் மாடிப்படி காலியானது. வங்காளத்தில் அண்ணனை 'தா' என்பார்கள், சித்தப்பாவை 'காக்கு' என்பார்கள். ஒரு நாள் புதிதாக வந்த பையன் ஒருவன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "மணி காக்கு இருக்காரா?" என்று விசாரித்தான். எனக்குக் கிடைத்த ஓய்வு ஆணை அதுதான். விழா, பொன்னாடை எதுவும் கிடையாது.

இங்கே இன்னொருவரையும் சொல்ல வேண்டும். டாலிகஞ்சில் எனக்கு முதலில் வேலை கொடுத்த இசை ஒருங்கிணைப்பாளர். பெயர் வேண்டாம், எங்காவது தன் பெயர் அச்சில் வந்தால் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று சண்டைக்குப் போகிறவர். ஒரு பாட்டு பதிவானதும், இசை எப்படி என்று யாரிடமும் அவர் கேட்க மாட்டார். அந்தப் பக்கம் சும்மா வந்து நின்ற யாரையாவது, படத் தயாரிப்பாளரின் மருமகனோ விளக்கு பழுதுபார்க்க வந்தவரோ, கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு என்ன பாடினா?" என்று கேட்பார். அந்த ஆள் சரியாகச் சொல்லிவிட்டால் பாட்டு முடிந்தது. "மியூசிக் பிரமாதம் சார்" என்று சொல்லிவிட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. வயலின்காரர்கள் அவரைச் சபிப்பார்கள். நானும் சபித்தேன்.

இனி கார்த்திக். அவன் அப்பா கார்டன் ரீச்சில் ரயில்வே ஊழியர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கார்த்திக் பிறந்து வளர்ந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில். தமிழைவிட வங்காளம் நன்றாக வரும். என் மாடிப்படியில் மிக நீண்ட நேரம் காத்திருந்த ராப்பர்களில் அவன் ஒருவன். அவனுடைய முதல் பாட்டுகள் எல்லாம் என் பீட்டில் வந்தவை. அப்புறம் மும்பையில் ஒரு கம்பெனி அவனை எடுத்துக்கொண்டது. நான் அவனைப் போனில் பார்க்கிற மனிதனாக ஆனேன். அவன் என்னைப் பார்த்தானா என்று தெரியாது.

திடீரென்று ஒரு நாள் அழைத்தான்.

"மணிதா, ஆச்சேன்? இருக்கீங்களா? நான் கொல்கத்தா வரேன். ஒரு பாட்டு பண்ணணும். உங்க ரூம்ல. பழைய மாதிரி."

"பழைய மாதிரின்னா?"

"நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நடுவுல ஃபேன் ஆஃப்."

பதிவின்போது விசிறியை நிறுத்திவிடுவோம். கொல்கத்தா வெயிலில் அந்த அறையில் பாடியவர்கள் யாரும் அதை மறக்க மாட்டார்கள். அவன் அதை ஒரு சுகமான விஷயம் போலச் சொன்னான். "தேதி சொல்லு, பார்க்கலாம்" என்று மிகவும் வேலையில் இருப்பவனைப் போலச் சொன்னேன். போனை வைத்ததும் ரஜாய்களை வெயிலில் போடப் போனேன்.

நிலைமை என்ன என்பதை அவன் வந்ததும் சொன்னான். கடைசியாக வந்த அவனுடைய இரண்டு பாட்டுகளும் எடுபடவில்லை. "இதுவும் ஊத்திக்கிச்சுன்னா கம்பெனி என்னை விட்டுரும், மணிதா. சாயங்காலத்துக்குள்ள பாட்டு அவங்களுக்குப் போகணும். அப்புறம் எனக்கு ஃப்ளைட்." எனக்கும் ஒரு நிலைமை இருந்தது; அதை நான் அவனிடம் சொல்லவில்லை. இந்தப் பாட்டில் என் பெயர் வந்தால் நான் இன்னும் இந்தத் தொழிலில் இருக்கிறேன். வராவிட்டால் காக்குதான்.

பாட்டு தமிழில் எழுதியிருந்தான். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக. அப்பா ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்த நாளைப் பற்றிய பாட்டு.

சாவி கொடுக்கணும் காலையில,
அம்மா இன்னும் தரையத் தேய்க்கிறா.
நாளைக்கு யாரோ நடக்கப்போற தரைய
இன்னிக்கு ஏன் இவ பார்த்துப் பார்த்துத் தேய்க்கிறா?

நான் அதைப் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னேன். தொழிலில் நாங்கள் அதற்கு மேல் சொல்வதில்லை. பிறகு என் பீட்டை ஓடவிட்டேன்.

அந்த பீட்டைப் பற்றி நான் அடக்கமாகப் பேசினால் பொய்யாகிவிடும். அவன் அழைத்த நாளிலிருந்து அதற்காகவே உட்கார்ந்திருந்தேன். அடியில் வயிறுவரை அதிரவைக்கிற, பேஸ் என்ற தடித்த ஒலி. மேலே துர்கா பூஜையில் அடிக்கிற டாக் என்ற பெரிய மேளம், அதுவும் நானே பந்தலில் நின்று பதிவு செய்தது. ஆற்றில் கப்பல் ஊதுகிற சங்கைக்கூடச் சேர்த்திருந்தேன், கார்டன் ரீச் என்பதற்காக. எனக்குத் தெரிந்ததெல்லாம் அதில் இருந்தது. கார்த்திக் கேட்டுவிட்டு எழுந்து நின்றான். "பாப் ரே!" என்றான். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, மேடையில் நிற்பவனைப் போலப் பாடினான். நான் விசிறியை நிறுத்திவிட்டு வேர்வையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இதற்காகத்தான் பிறந்தேன் என்று தோன்றியது.

பதிவை ஒரு தரம் ஓடவிட்டபோது என் மனைவி உமா காபி கொண்டுவந்தாள். வங்கி அதிகாரி, இரண்டாவது சனிக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தாள். வாசலில் நின்று கடைசி வரை கேட்டாள்.

"ஜோரா இருக்கு" என்றாள். "எதைப் பத்திப் பாட்டு?"

கார்த்திக் சிரித்தான். "குவார்ட்டர்ஸ் காலி பண்றதைப் பத்தி, ஆன்ட்டி."

"அப்படியா? நான் ஏதோ கப்பல் வருதுன்னு நினைச்சேன்."

அப்போதே எனக்கு அபாய மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. தமிழைச் சரியாக உச்சரிக்கவில்லை, இவன் வங்காளத் தமிழன், அதுதான் காரணம் என்று முடிவு செய்தேன். தவறு பாடுகிறவன் பக்கம்தான் இருக்கும் என்பது நட்சத்திரத் தயாரிப்பாளரின் அடிப்படைக் கொள்கை. "குரலைக் கொஞ்சம் மேலே ஏத்தி, பேஸைச் செதுக்கினாச் சரியாயிடும். நீ போய் ஏதாவது சாப்பிடு" என்று அவனைக் கீழே அனுப்பினேன்.

குரலை ஏற்றினேன். டாக் மேளம் கோபித்துக்கொண்டது. மேளத்தை இறக்கினேன். கப்பல் முன்னால் வந்து நின்றது. இப்படியே அரை மணி போனது. தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினேன்.

சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் கார்த்திக்கின் போன் நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு பீட் வந்தது. பீட் என்றே சொல்ல முடியாது. ஒரு பழைய கீபோர்டில் இரண்டு மூன்று சுரங்கள், அவற்றுக்கு நடுவில் நிறைய ஒன்றுமே இல்லாத இடம், எப்போதாவது ஒரு தட்டு. கார்த்திக் ஒரு கையில் தோசையோடு, மற்றொரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, உமாவிடம் தன் வரிகளைச் சொல்லிக்கொண்டிருந்தான். பாடவில்லை. அவன் வீட்டில் பேசுகிற தமிழில் பேசினான். முடித்தான்.

உமா தோசையைத் திருப்பிப் போட்டாள். "ஏண்டா, உங்க குவார்ட்டர்ஸ் மூணாவது மாடிதானே? அங்க தண்ணியே ஏறாதே. உங்கம்மா எதை வெச்சுத் தேய்ச்சா?"

"கீழேருந்து பக்கெட்ல தூக்கிட்டு வந்தா."

"காலி பண்ற வீட்டுக்கா?"

"அதான் ஆன்ட்டி. நான் கத்தினேன். 'சே, விடும்மா, யாருக்காகப் பண்ற'ன்னு. கேக்கவேயில்லை."

"கேக்க மாட்டா" என்றாள் உமா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "நாங்க கேக்க மாட்டோம்."

நான் வாசலிலேயே நின்றேன். டாலிகஞ்ச் மனிதர் எங்கிருந்தோ வந்து என் தோளைத் தொட்டதாக எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி எதுவும் இல்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"இது என்ன பீட்டு?" என்றேன்.

கார்த்திக் திருடிப் பிடிபட்டவனைப் போலப் போனை அணைத்தான். "ஸாரி மணிதா. கம்பெனில அனுப்பினாங்க. நெட்ல எடுத்தது. நான் வேண்டாம்னுட்டேன், மணிதாகிட்டதான் பண்ணுவேன்னுட்டேன். ஃப்ளைட்ல வரப்போ வரி மனப்பாடம் பண்ண மட்டும் வெச்சிருந்தேன்."

"யார் செஞ்சது?"

"தெரியாது. யாரோ."

அந்த 'யாரோ' என்னை அறைந்தது. ரஜாய், டாக் மேளம், கப்பல் எல்லாவற்றோடும் நான் மாடியில் உட்கார்ந்திருக்க, யாரோ ஒருவர் ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்த இடத்தில் போய் அந்த அம்மா தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மாடிக்குப் போனோம். அந்த நேரம் பார்த்து மும்பையிலிருந்து கம்பெனிப் பெண் அழைத்தாள். மிகவும் மரியாதையானவள். "மணி சார், நாங்க எல்லாரும் ரொம்ப ஆவலா இருக்கோம். பாட்டை விளம்பரம் பண்றதே உங்களை வெச்சுத்தான். மணிதா திரும்ப வந்துட்டார்னு போடப்போறோம். உங்க பழைய குரல் முத்திரை கண்டிப்பா வேணும்." இத்தனை வருடங்களாக நான் குளிக்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட வாக்கியங்கள் இவை. அவள் வாயில் அப்படியே வந்தன. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பேசாமல் சரி என்று சொன்னால் போதும்.

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்துவிட்டு கார்த்திக்கைப் பார்த்தேன். "உனக்கு எது வேணும்?"

"நீங்க சொல்றதுதான், மணிதா."

இப்படி ஒருவர் என்னிடம் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சேர்ந்து சொன்ன மாதிரி இருந்தது. அதை அவன் முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை. நான் எதைச் சொன்னாலும் செய்வான், அந்தப் பாட்டு மூழ்கினால் அதற்காக என்னைக் குறை சொல்லவும் மாட்டான். உங்களில் யாருக்காவது அப்படிப்பட்ட ஒருவர் கிடைத்தால் ஜாக்கிரதையாக இருங்கள். விசிறி நின்றிருந்தது. அவன் தன் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தான், பழைய மாதிரியே.

"அந்த 'யாரோ'வோட பீட்டைப் போடு" என்றேன்.

"மணிதா, நிஜமாவா? ஏன்?"

"நான் சொல்றதுதான்னு சொன்னே இல்ல? நான் சொல்றேன். கையைப் பாக்கெட்ல விட்டுக்கோ. உமாகிட்ட சொன்ன மாதிரி சொல்லு. பாடினேன்னா அடிப்பேன்."

ஒரே மூச்சில் முடிந்தது. அதற்குப் பிறகு நான் செய்தது அவன் குரலைச் சுத்தமாக எடுத்து அந்த பீட்டின்மேல் வைத்தது மட்டும்தான். இரண்டாவது பத்தியில் அவன் குரல் ஓரிடத்தில் உடைந்தது. திரும்பப் பாடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அந்த 'வேண்டாம்' ஒன்றுதான் அந்தப் பாட்டில் என் பங்கு. அதை ஒலிவடிவில் முத்திரை குத்த வழியில்லை.

கம்பெனிப் பெண்ணுக்குச் சொன்னபோது, "பரவாயில்லை சார். அப்ப நீங்க ஏன் விலகிட்டீங்கன்னு ஒரு சின்ன வீடியோ பேசித் தர முடியுமா?" என்று கேட்டாள். முடியாது என்று சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

போகும்போது கார்த்திக் செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த பாட்டு உங்க பீட்டுதான், மணிதா" என்றான். இருவரும் அதை நம்புகிற மாதிரித் தலையாட்டினோம். வண்டி சௌரஸ்தா பக்கம் திரும்பும் வரை வாசலில் நின்றேன். மேலே போய் விசிறியைப் போட்டேன். ஒலிவாங்கி அவன் உயரத்துக்கே நின்றது. பல நாள் அதை இறக்கவில்லை.

பாட்டு எடுபட்டது. உலகம் புரண்டுவிடவில்லை, ஆனால் கம்பெனி அவனை வைத்துக்கொண்டது. ஊர் ஊராக யார் யாரோ தங்கள் அம்மா காலி செய்த வீட்டைப் பற்றி அதன் கீழே எழுதினார்கள். நான் எல்லாவற்றையும் படித்தேன். என் பீட் கணினியில் இன்னும் இருக்கிறது. சில மதியங்களில் அதை ஓடவிட்டு, அதற்குமேல் பேச யாரும் இல்லாமல் கேட்பேன். நல்ல பீட்தான். எனக்கு வேண்டியது புகழ் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. யாராவது மாடியேறி வந்து, "இது வேண்டாம் மணிதா, வேற போடுங்க" என்று என்னோடு சண்டை போட்டால் போதும். உங்களுக்கு இன்று யாரும் காத்திருப்பதில்லை, நீங்களும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. கோப்பு வருகிறது, கோப்பு போகிறது. வசதிதான். ஆனால் வேர்வையில் ஒருவன் எதிரே உட்கார்ந்திருந்தால்தான் சில முடிவுகள் வருகின்றன. இதற்கு மேல் எனக்கு உபதேசம் தெரியாது.

அந்த 'யாரோ' யார் என்று எனக்கு அரிப்பு தாங்கவில்லை. பத்தொன்பது வயதுப் பையன், காதில் கடுக்கன் என்று கற்பனை செய்து வைத்திருந்தேன். கார்த்திக் மூலம் எண் கிடைத்தது. எங்கள் மேற்கு வங்காளத்திலேயே அஸன்ஸோலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிற அம்மா, பெயர் மௌஷுமி, என்னைவிட மூத்தவர். பிள்ளைகள் வெளியூர் போனபின் பொழுதுபோக்காக ஆரம்பித்தாராம். நான் வங்காளத்தில் என்னை அறிமுகம் செய்துகொண்டேன். மணிதா என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. என் பீட்டை எடுத்துவிட்டு அவருடையதை வைத்த கதையைக் கொஞ்சம் தழுதழுத்தே சொல்லி முடித்தேன். நீங்கள் குரலுக்காக விட்டிருந்த இடம் அபாரம் என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நானும் அந்தப் பாட்டைக் கேட்டேன் தம்பி" என்றார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. நடுவுல அந்தப் பையன் பேசாம இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."